முப்பத்தைந்து கட்டை ஸ்பெயின்

அன்று அந்த வான் வண்டியில் ஏறியவர்கள் மூன்று பேர். ஒருவர், கனடாவில், டோர்செட் பார்க்கில் நான் அறை எடுத்திருந்த அப்பாட்மென்டின் தலைமை வாடகைக்காரர். லீஸ் அவருடைய பெயரில் இருந்தது, ஆகவே அங்கே குடியிருந்த எல்லோருக்கும் அவர்தான் அண்ணை. மற்றவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், தமிழ்க் கடைகளுக்கு மீன் போடுகிறவர், வான் அவருடையது. மூன்றாவது ஆள் நான். அவ்வளவுதான். பிற்காலத்தில் அண்ணை இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்ன கதைகளில் ஆறு பேர் போனார்கள். அதில் இருவர் வெள்ளைக்காரர், ஒருத்தி வழிகாட்டி. அதனால்தான் ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் இல்லை. வழிகாட்டியும் இல்லை. மீன் தண்ணீர் மட்டும் தாராளமாக இருந்தது.

வானின் பின்பக்கத்தில் ஐஸ் உருகி, செதிளும் இரத்தமும் கலந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியது. மூன்று சைக்கிள்களையும் அதற்குமேல் படுக்கவைத்திருந்தோம். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இருக்கை. நான் பின்னால், ஒரு வெறும் மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்து, காலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். மடியில் என் கமரா. அந்தக் கமரா இல்லாவிட்டால் என்னை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். இது எனக்கு அப்போதே தெரியும்.

நான் எல்லாவற்றுக்கும் அந்தரப்படுகிறவன். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்க லிஃப்டில் இறங்கிப்போய் மறுபடி ஏறுகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதனால் ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் அது என்னைத் திருப்பி அனுப்புகிற கடிதம் என்றே நினைப்பேன். ஆனால் அந்தக் கோடையில் எனக்கு இருந்த பயம் வீண் பயம் இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கேக் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பின்னேர ஷிஃப்ட் கிடைத்திருந்தது. தற்காலிக வேலை, தவணை முடிய இன்னும் ஒரு கிழமை. அதுவரைக்கும் ஒருநாள்கூடப் பிந்தாமல், ஒருநாள்கூட நிற்காமல் போனால் நிரந்தரமாக்குவார்கள், நிரந்தரமானால் வேலைக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் கையில் வந்தால்தான் மனைவியின் ஸ்பொன்சர் பேப்பரை அனுப்புவேன் என்று லோயரின் கிளாக் சொல்லியிருந்தார். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். பொலிஸ் வந்து கதவைத் தட்டிப் பதிவுத் துண்டைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று காட்டிக்கொண்டு இருந்தாள். அன்று சனிக்கிழமை. எனக்கு நாலு மணிக்கு ஷிஃப்ட்.

இதை அண்ணையிடம் முதல்நாளே சொன்னேன்.

"நாலு மணிக்கோ? நீர் பன்ரெண்டு மணிக்கு வீட்டிலை நிண்டு புட்டுத் தின்னுவீர் காணும்," என்றார். "அதோடை சுப்பர்வைசர் ஆர்? என்ர ஆள். நான் சொல்லித்தானே உம்மை எடுத்தவன். ஏன் சும்மா அந்தரப்படுறீர்?"

அந்த வேலைக்கு என்னை அனுப்பியது தான்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். அறையும் அவருடையது, வேலையும் அவர் எடுத்துத் தந்தது என்றால் ஒரு மனிதன் எப்படி மாட்டேன் என்பது?

யோசனை எங்கேயிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் குசினி ஃபிரிட்ஜில், ஒரு ட்ராவல் ஏஜென்சிப் புத்தகத்தில் இருந்து கிழித்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஸ்பெயின் நாட்டு நாட்டுப்புறம். காய்ந்த வயல், கல் தேவாலயம், கல் கோபுரம், அவற்றைச் சுற்றி வளைந்துபோகும் ஒரு தெருவில் சைக்கிளோட்டிகள். கீழே எழுதியிருந்ததை அண்ணை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்: வட்டமாகப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வரும் பாதை, பழைய சரித்திர இடங்கள், கஷ்டம் நடுத்தரம். 'மொடரேற்' என்ற சொல்லை அவர் ஒரு பட்டம் மாதிரி நீட்டி உச்சரிப்பார். அவருடைய அகதிக் கேஸ் அப்போதும் முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கமுடியாது. ஆகவே ஸ்பெயின் படத்தைப் பார்த்து ஏங்குகிறார் பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இப்போது யோசித்தாலும் எனக்கு வாயில் புளிக்கிறது.

அவர் வேலைசெய்த கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், சைக்கிள் பைத்தியம். இங்கேயும் அப்படி ஒரு வட்டம் இருக்கிறது, றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே, பழைய மில், பழைய தேவாலயம், பழைய சுடலை எல்லாம் வரும் என்று சொல்லி, கோப்பிக்கடைக் கடதாசித் துண்டில் ஒரு வட்டம் கீறிக் கொடுத்திருந்தார். வட்டத்தின் நடுவில் 35 என்று எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

"முப்பத்தைஞ்சு கட்டை," என்றார் அண்ணை.

எங்கள் ஆட்களுக்கு மைலும் கட்டைதான், கிலோமீற்றரும் கட்டைதான். தெருவோரத்தில் நிற்கிற கல்லுக்குப் பெயர் கட்டை, அதில் எந்தக் கணக்கு எழுதியிருந்தால் நமக்கென்ன? நான் கேட்டேன், கேட்காமல் விடவில்லை: "அண்ணை, எந்தக் கட்டை? மைல் கட்டையோ, கிலோமீற்றர்க் கட்டையோ?"

"இது என்ன நாடு காணும்?"

"கனடா."

"கனடாவிலை றோட்டிலை என்ன போட்டிருக்கு?"

"கிலோமீற்றர்."

"பிறகென்ன கேள்வி!"

வான்காரர் சிரித்தார். "யாழ்ப்பாணத்து ஆள் முப்பத்தைஞ்சு கிலோமீற்றர் உழக்கப் பயப்பிடுறதோ? உங்கட ஆக்கள் பிறக்கேக்கையே சைக்கிளோடை எல்லோ பிறக்கிறவை!"

அதுவும் சரிதான் என்று பட்டது. ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது. மன்னாரிலும் கிடையாது. ஒரு மதகின் மேல் ஏறி இறங்குவதை ஏற்றம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். சைக்கிளில் கியர் எதற்கு இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தோம்.

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி வானை விட்டோம். அண்ணை மேலே போட்டிருந்த சேட்டைக் கழற்றினார். உள்ளே சைக்கிளோட்டிகள் போடுகிற உடம்போடு ஒட்டிய உடுப்பு, கறுப்பும் மஞ்சளும். பழைய உடுப்பு விற்கிற கடையில் வாங்கியது. எவனோ ஒருவன் வருஷக்கணக்காக வேர்த்து, அந்த வேர்வை அக்குளில் பழுப்பாக உறைந்திருந்தது. அதை அவர் தோய்த்ததாகத் தெரியவில்லை. கழுத்துப் பக்கத்தால் கையை விட்டு, வயிற்றோடு ஒட்டிவைத்திருந்த ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார். மீன் பற்றிஸ், மீன் அடைத்துப் பொரித்த பலகாரம். அவருடைய வயிற்றுச் சூட்டில் வெந்துகொண்டு வந்திருக்கிறது.

"சாப்பிடும்."

"இல்லை அண்ணை, பசி இல்லை."

"பிறகு வழியிலை கேட்கப்படாது," என்று சொல்லி ஒன்றை முழுதாக வாய்க்குள் போட்டு, எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினார். அவர் போத்தலைக் கீழே இறக்கியபோது உள்ளே பற்றிஸ் துகள் மிதப்பதைக் கண்டேன். அந்தப் போத்தலை அன்று முழுக்க நான் தொடவில்லை. ஆடி மாத வெயில் அது.

முதல் ஏற்றத்திலேயே விளங்கிவிட்டது. தெரு வானத்தைப் பார்க்க எழும்பி நின்றது. நாங்கள் இறங்கித் தள்ளினோம். அதன் உச்சியில் இன்னொரு ஏற்றம் தெரிந்தது. தெருக்கரையில் ரக்கூன் ஒன்று செத்து ஊதிக் கிடந்தது. இலையான் மொய்த்து, வயிறு ஒரு பக்கம் வெடித்திருந்தது. நான் மூக்கைப் பொத்தினேன். அண்ணை அதன் பக்கத்திலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று இன்னொரு பற்றிஸ் தின்றார். சில மனிதர்களுக்கு அருவருப்பு என்ற உணர்ச்சியைப் பிறக்கும்போதே கொடுக்க மறந்துவிடுகிறார்கள் போலும். அவர்களோடு கூடப்போகிறவன் அவர்களுடைய பங்கையும் சேர்த்து அனுபவிக்கவேண்டியிருக்கிறது.

முதலாவது சரித்திர இடம் ஒரு மில். தண்ணீரில் சுற்றி மா அரைத்த மில்லாம். கதவில் பூட்டு, யன்னலில் புறா எச்சம். பக்கத்தில் ஒரு கக்கூஸ் இருந்தது; வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நூற்றைம்பது வருஷப் பழசு என்று பலகையில் எழுதியிருந்ததை வான்காரர் கஷ்டப்பட்டு வாசித்தார்.

"இதுதானோ சரித்திரம்? எங்கட மாதா கோயில் மணிக்கு இதைவிட வயசு," என்றார்.

அண்ணை அதைக் கேட்கவில்லை. பொக்கற்றிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார். விரலில் எச்சில் தொட்டு மீசையைப் படியவைத்தார். பிறகு சைக்கிளைப் பிடித்தபடி கல் மதிலோடு நின்று, "இப்ப எடும் தம்பி," என்றார். நான் கமராவைத் தூக்கினேன்.

"பொறும், பொறும். அந்தத் தபால் பெட்டி விழுதோ?"

"ஓம் அண்ணை, ஓரத்திலை விழுது."

"விழப்படாது. பலகையும் விழப்படாது. கொடி கிடி ஒண்டும் விழப்படாது. கல்லும் நானும் சைக்கிளும் மட்டும்."

"ஏன் அண்ணை?"

அவர் வான்காரரைப் பார்த்தார். வான்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "சொல்லிப்போடுங்கோவன்," என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கொழும்பில் அண்ணைக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தமையன் பாங்கில் பெரிய வேலை. லண்டனில் இருந்தும் ஒரு மாப்பிள்ளை கேட்டிருக்கிறார், அவர் ஐரோப்பா முழுக்கச் சுற்றினவராம். தமையன் ரெலிபோனில், "நீங்கள் எங்கையெங்கை போனனீங்கள்?" என்று கேட்டபோது அண்ணையின் கண் ஃபிரிட்ஜில் இருந்த படத்தில் நின்றிருக்கிறது. "போன வருஷம் ஸ்பெயினிலை சைக்கிளிலை ஒரு ரவுண்ட் அடிச்சனான்" என்று சொல்லிவிட்டார். தமையன் படம் அனுப்பச் சொன்னார்.

கேஸ் முடியாதவன், எல்லை தாண்டினால் திரும்பி வரமுடியாதவன், விடுமுறைக்கு ஸ்பெயின் போய்வந்தானாம். அந்தப் பொய்க்குக் கல்லு வேண்டும், கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற படம் வேண்டும், படத்துக்குக் கமரா வேண்டும். கமராவோடு நான் வேண்டும். நான் அந்தக் கமராவை வாங்கியது என் மனைவிக்கு என்னுடைய முகத்தை அனுப்ப. பனியில் நிற்கிற முகம், வேலைத் தொப்பியோடு முகம், மெலிந்துபோகவில்லை என்று காட்டுகிற முகம். அதே கண்ணாடிக்குள்ளால் இப்போது எச்சில் மீசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

படத்தை எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்ய? அன்று இரவு நான் படுக்கிற அறையின் திறப்பு அவரிடம் இருந்தது.

அடுத்தது தேவாலயம். மேட்டுக்கு மேலே சின்னக் கல் கட்டடம். வான்காரர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு படியில் முழந்தாளிட்டார். அண்ணை அவரை விலகச் சொன்னார், படத்தில் விழுகிறாராம்.

"அண்ணை, ஆண்டவர்ர வாசல்லை நிண்டு பொய்ப் படம் பிடிக்கப் போறியளோ?"

"இது உங்கட வேதம் இல்லை காணும். இது வேறை பிரிவு. பாவம் ஒட்டாது."

"உது ஆர் சொன்னது?"

"பலகையிலை போட்டிருக்கு."

வான்காரர் எழும்பி என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "ஐசே, அந்த மரத்தையும் சேர்த்து எடும். மேப்பிள் மரம் ஸ்பெயினிலை நிக்குதோ எண்டு தமையன் கேக்கட்டும்." நான் மரத்தையும் சேர்த்து எடுத்தேன். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. ஆனால் படம் கழுவி வந்தபோது பார்த்தால் மரம் வெறும் பச்சைப் புகை மாதிரித்தான் விழுந்திருந்தது.

மூன்றாவது இடம் பழைய சுடலை. அங்கே போய்ச் சேரும்போது பின்னேரம் இரண்டு மணி தாண்டிவிட்டது. என் கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. அண்ணையின் உடுப்பு நனைந்து, பழைய வேர்வையும் புது வேர்வையும் கலந்து மணந்தது. அவர் ஒரு கல்லறைக் கல்லில் சாய்ந்து இருந்து சப்பாத்தைக் கழற்றி, கால்விரல் இடுக்கை விரலால் துடைத்து, அந்த விரலைக் கல்லிலேயே தேய்த்தார். யாரோ ஒரு பெண்ணின் பெயர் எழுதிய கல். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். கடதாசித் துண்டில் சுடலை வட்டத்தின் சரி பாதியில் இருந்தது. விடிய வெளிக்கிட்டுப் பாதிதான் வந்திருக்கிறோம் என்றால் மீதிப் பாதி எப்போது முடியும்? முப்பத்தைந்து கிலோமீற்றரின் பாதிக்கு இவ்வளவு நேரமா? எதிர்ப்புற வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மா பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு அவரிடம் போனேன். துண்டைக் காட்டி, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "செவன்டீன், எய்ட்டீன்," என்றார்.

"கிலோமீற்றர்?"

அவர் சிரித்தார். அன்பான சிரிப்புத்தான். "மைல்ஸ், டியர். நாங்கள் கிழடுகள் இன்னும் மைலில்தான் பேசுகிறோம்."

நான் விரலில் எண்ணினேன். எட்டாம் வகுப்புக் கணக்கு எனக்கு எதற்கும் உதவியதில்லை, அன்றைக்கு மட்டும் சரியாக வந்தது. இன்னும் முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. வட்டப் பாதையின் அநியாயம் அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது: பாதியில் நின்றால் முன்னுக்குப் போனாலும் அதே தூரம், திரும்பிப் போனாலும் அதே தூரம். எந்தப் பக்கம் போனாலும் நாலு மணிக்கு வேலைக்குப் போய்ச்சேர முடியாது. என் மனைவி லொட்ஜ் அறையில் எழுந்து நிற்பது கண்முன்னால் வந்தது.

திரும்பி ஓடிவந்து சொன்னேன். அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மைல் கட்டையோ? கிழவன் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நான் கேட்டனான் அண்ணை. உங்களிட்டைக் கேட்டனான்."

"கேட்டனீர் எண்டால் வடிவாக் கேட்டிருக்க வேணும்." அவர் எழும்பினார். "சரி, விடும். அந்த மனுசியிட்டை ரெலிபோன் கேட்டு சுப்பர்வைசருக்கு அடியும். என்ர பேரைச் சொல்லும், ஒண்டும் நடக்காது."

அந்த அம்மா என்னைக் குசினிக்குள் விட்டார். தரை அவ்வளவு துப்பரவாக இருந்தது, நான் சப்பாத்தை வாசலிலேயே கழற்றினேன். சொக்ஸில் இருந்து மீன் மணம் எழும்பியது. வெட்கத்தில் குதிக்காலால் நடந்து போய் ரெலிபோனை எடுத்தேன். சுப்பர்வைசர் வந்தார். பிந்தலாம் என்று சொல்லி, அண்ணையின் பெயரைச் சொன்னேன்.

"ஹூ?" என்றார்.

திரும்பச் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

அப்படி யாரையும் தெரியாது என்றார். நாலு மணிக்கு நின்றால் வேலை, இல்லாவிட்டால் வரவேண்டாம், சனிக்கிழமைகளில் ஆள் இல்லாமல் தான் படுகிற பாடு தனக்குத்தான் தெரியும் என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

வெளியே வந்து, "உங்களை அங்கை ஒருத்தருக்கும் தெரியாதாம் அண்ணை," என்றேன்.

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "அப்ப ஆள் மாறியிருப்பான்," என்றார். வான்காரர் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மாதான் டாக்ஸிக்கும் அடித்துத் தந்தார். பள்ளத்தில், சந்திக் கடையடியில் வந்து நிற்கும் என்றார். வான்காரர் தான் மெல்ல மெல்ல உழக்கிப் போய் வானை எடுத்துவந்து எங்கள் சைக்கிள்களைக் கடையடியில் ஏற்றுவதாகச் சொன்னார். நல்ல மனுசன். "நீர் ஓடும் ஐசே, இறக்கம்தானே," என்றார்.

இறக்கம்தான். என்னுடைய சைக்கிளுக்குப் பின் பிரேக் பிடிக்காது என்பதை அண்ணையிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். முன் பிரேக் எதற்கு இருக்கிறது என்று கேட்டிருந்தார். பாதி இறக்கத்தில் அதுவும் விட்டது. ஒரு வளைவு வந்தது. தெரு வளைந்தது, நான் வளையவில்லை. புல்லுக்குள்ளால் போய் வயலோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன். அந்த வயலுக்கு அந்தக் கிழமைதான் மாட்டுச் சாணத்தைக் கரைத்து அடித்திருந்தார்கள். வழிந்ததெல்லாம் கானில் நின்றது. பச்சையும் மஞ்சளுமாக, மேலே தோல் பிடித்து, இளஞ்சூட்டோடு. கமராவைத் தூக்கிப் பிடித்தபடி இடுப்பு வரைக்கும் அதற்குள் இருந்தேன். வாய்க்குள்ளும் போனது. அதன் ருசியை நான் எழுதப்போவதில்லை.

அண்ணை மேலே தெருவில் வந்து நின்றார். கை தரவில்லை.

"கமரா பிழையில்லைத்தானே?" என்றார்.

டாக்ஸிக்காரர் என்னை ஏற்றமாட்டேன் என்றார். கும்பிட்டேன், உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். கடைசியில் கடையில் பழைய பேப்பர் வாங்கி இருக்கையில் அடுக்கி, கழுவுகிற காசும் தரவேண்டும் என்று பேசிக்கொண்டு ஏற்றினார். அண்ணை முழங்கால் வலிக்குது என்று தானும் முன்னால் ஏறிக்கொண்டார். "அரைவாசி என்ர கணக்கு, யோசியாதையும்," என்று கதவைப் பூட்டும்போது சொன்னார். டாக்ஸிக்காரரும் அவரும் யன்னலைத் திறந்து தலையை வெளியே விட்டுக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால், அசைந்தால் பேப்பர் விலகும் என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். வீட்டில் இறங்கிக் குளிக்கலாமா என்று யோசித்தேன். நேரம் இல்லை. அண்ணைக்கு மட்டும் நேரம் இருந்தது: தன்னை முதலில் வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொன்னார், வழியில்தானே என்றார். வழியில் இல்லை. காசு தராமல் இறங்கி, "படத்தைக் கெதியாக் கழுவும்," என்றார்.

தொழிற்சாலை வாசலுக்கு நாலு மணிக்கு முன்பே போய்விட்டேன். இதைச் சொல்லியே ஆகவேண்டும்: நான் பிந்தவில்லை. உடுப்பு மாற்றும் அறைத் தண்ணீர்க் குழாயில் முகத்தையும் கையையும் தேய்த்தேன். வெள்ளைக் கோட்டைப் போட்டுத் தொப்பியைப் போட்டேன். ஆனால் மணம் கோட்டைத் தாண்டி வந்தது. மீன், சாணம், வேர்வை. மா கலக்கும் இடத்தில் நின்ற பெண்கள் முதலில் திரும்பினார்கள். ஒருத்தி கையால் வாயைப் பொத்தினாள். அவள் என்னோடு ஒவ்வொரு நாளும் சிரித்துக் கதைக்கிறவள். காலை முதல் நான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை அவள் முகத்தில் இருந்தது.

சுப்பர்வைசர் வந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோட்டுக் கையை மூக்கில் வைத்தார். நேரத்துக்கு வந்துவிட்டாய், ஆனால் சாப்பாடு செய்கிற இடத்துக்குள் இப்படி நிற்கமுடியாது, வீட்டுக்குப் போ என்றார். குளித்துவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னதால் மெல்லத்தான் சொன்னார். திங்கட்கிழமை போனபோது, வேலை நேரம் பதிகிற காட்களைச் செருகும் தட்டியில் என் காட் இல்லை.

அந்தக் கடிதம் வரவில்லை. வேறு வேலை தேடி, அங்கே தற்காலிகத் தவணை முடித்து, இன்னொரு கடிதம் எடுத்து, பேப்பர் போய்ச் சேர அடுத்த வருஷமாகிவிட்டது. அந்த இடைவெளியில் மனைவி இரண்டு லொட்ஜ் மாறினாள். ஒருமுறை பொலிஸ் நிலையத்தில் ஒரு இரவு வைத்திருந்தார்கள். அதை அவள் எனக்கு அப்போது எழுதவில்லை. கனடா வந்து கனகாலத்துக்குப் பிறகுதான், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

டாக்ஸிக் காசை நான் கேட்டேன். "படத்தைத் தாரும், காசைத் தாறன்," என்றார் அண்ணை. படத்தைக் கொடுத்தேன். "டாக்ஸிக்கு அரைவாசி சரி. ஆனால் சீற் கழுவின காசுக்கு நான் எப்பிடிப் பொறுப்பு? விழுந்தது நீர், மணத்தது நீர்," என்றார். சரி, கழுவின காசை விடுங்கோ, மற்றதைத் தாங்கோ என்றேன். இந்த மாதம் கலியாணச் செலவு, அடுத்த மாதம் என்றார். படம் பார்த்துத் தமையன் சம்மதித்துவிட்டாராம்.

கலியாணம் நடந்தது. கேஸும் ஒருவழியாக முடிந்தது. இப்போது அண்ணைக்கு ஒஷாவாப் பக்கம் வீடு. ஒருமுறை நானும் மனைவியும் பிறந்தநாள் ஒன்றுக்காக அங்கே போகவேண்டி வந்தது. ஹோலில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்தத் தேவாலயப் படம். அண்ணையின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அது ஸ்பெயின் என்று என் மனைவிக்குச் சொன்னார்.

"வடிவான இடம், என்ன?" என்று என்னிடமும் கேட்டார். "இவர் சொல்லுறவர், நீங்கள்தான் படம் எடுத்ததாம். நீங்களும் போனனீங்களோ?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணை தட்டில் இருந்த பற்றிஸ் ஒன்றை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டார்.

"ஓம், போனனான். டாக்ஸியிலை திரும்பி வந்தனாங்கள்," என்றேன். "அரைவாசிக் காசு இன்னும் வரேல்லை."

அவர் மென்றுகொண்டே சிரித்தார். நல்ல பகிடி கேட்டது போல, கையில் ஒட்டிய எண்ணெயைச் சோபாவில் துடைத்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். கழுவின காசைச் சேர்க்காமல், முப்பத்தெட்டு டொலர்.